கோழிப் படலம்

நம் நடுவே ஓர் இனம் வாழ்கிறது. பார்ப்பதற்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். செருப்பு போட்டுக்கொள்ளும், வரிசையில் நின்று மின்கட்டணம் கட்டும், மழை வந்தால் கடை வாசலில் ஒதுங்கும். ஆனால் உள்ளுக்குள் அது எப்போதும் ஒரு வெள்ளைக் குதிரையின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒதுங்கி நிற்கும்போது கவனியுங்கள், இடது கை சும்மா இடுப்பில் பதிந்திருக்கும். சாவிக்கொத்தைத் தடவிப் பார்க்கிறார் என்று நினைப்பீர்கள். இல்லை. அங்கே வாள் இருக்கிறது.

இந்த இனத்துக்குச் சரித்திர நாவல் வாசகர் என்று பெயர். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சரித்திர நாவல் படிப்பதில் ஒரு குற்றமும் இல்லை. நானும் படிக்கிறவன்தான். ஒரு கோட்டை பற்றி எரியும்போது யார் கூப்பிட்டாலும் என் காதில் விழாது. நான் சொல்வது வேறு வகை. ஒரு புத்தகத்தைப் படித்தால் போதாது, படித்த செய்தியை இணையத்தில் நாலு பேருக்குத் தண்டோரா போட்டால்தான் படித்தது செரிக்கும் என்று நம்புகிற வகை.

எப்படி அடையாளம் காண்பது? முதல் அடையாளம் பெருமூச்சு. பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால், குழாயில் தண்ணீர் வராவிட்டால், மேலதிகாரி லீவு தராவிட்டால், "நாமெல்லாம் தப்பான காலத்துல பொறந்துட்டோம்" என்று ஒரு பெருமூச்சு வரும். சரியான காலத்தில் பிறந்திருந்தால் என்னவாக இருந்திருப்பார்? தளபதியாக இருந்திருப்பார். குறைந்தபட்சம் இளவரசரின் உயிர்த்தோழன். போன பிறவியில் குதிரை லாயத்தில் சாணி அள்ளினேன் என்று ஒருவராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? அப்படியானால் அத்தனை குதிரைகளுக்கும் அந்தக் காலத்தில் யார்தான் அள்ளினார்கள்?

இரண்டாவது அடையாளம் புகைப்படம். புத்தகம் தபாலில் வந்ததும் சாதாரண மனிதன் முதல் பக்கத்தைத் திறப்பான். இவர் ஜன்னலைத் திறப்பார். வெளிச்சம் வேண்டுமே! மேஜை மேல் புத்தகம், பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர், மடக்காமல் வைத்த மூக்குக்கண்ணாடி, ஓரத்தில் சருகு ஒன்று. அந்தச் சருகுக்காக மனிதர் தெருவில் குனிந்து குனிந்து தேடியதையும், நாய் ஒன்று சந்தேகத்தோடு பின்னாலேயே வந்ததையும் படம் காட்டாது. கோணம் சரியாக அமைவதற்குள் தேநீர் ஆறிப்போகும். புதிதாக இன்னொரு கோப்பை போட வேண்டும், குடிப்பதற்கு அல்ல, ஆவிக்கு. படம் ஏறிய பிறகு வாழ்த்துகளை எண்ண வேண்டும். வாழ்த்துகளை எண்ணி முடித்தால் தூக்கம் வரும். புத்தகமா? அது எங்கே ஓடிப்போகிறது?

மூன்றாவது அடையாளம் குழு. இந்த இனம் தனியாக வாழாது. மந்தையாகத்தான் வாழும்.

நாம் பார்க்கப்போகிற மந்தைக்கு 'வாளும் வரியும்' என்று பெயர். கைப்பேசியில் இயங்குகிற வாசகர் குழு. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வாகன விற்பனைக் கூடத்தின் மேலாளர் அங்கே 'ராஜகுரு'. தட்டச்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மையார் அங்கே 'அந்தப்புரத் தோழி'. எந்தப் புத்தகத்தைப் பற்றி யார் பேசினாலும் உடனே வந்து "பிடிஎஃப் கிடைக்குமா?" என்று கேட்கும் ஒருவர் இருக்கிறார். ஒரு தடவை உறுப்பினர் ஒருவரின் மாமனார் இறந்த செய்தி வந்தபோதும் வழக்கம்போல அதையே கேட்டு, பிறகு மன்னிப்பும் கேட்டவர். அவர் 'ஓலைச்சுவடி'. குழுவைத் தொடங்கி, நடத்தி, விதிகள் வகுத்து, விதிகளை மீறியவர்களை வெளியேற்றி, அவர்கள் கெஞ்சினால் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் தலைவருக்கு 'மாசேனாதிபதி' என்று பெயர்.

மாசேனாதிபதி பகலில் பல் டாக்டர்.

சரித்திரம் பேச அவருக்கு வாய்த்ததைப் போன்ற சபை வேறு யாருக்கும் வாய்க்காது. சபையோர் மல்லாந்து படுத்திருப்பார்கள். எல்லோருக்கும் வாய் திறந்திருக்கும். எச்சில் உறிஞ்சும் குழாய் உள்ளே இருக்கும். எதிர்ப்பேச்சுக்கு வழியே இல்லை.

"கோட்டைக்குள்ள தண்ணி தீந்துபோச்சு. வெளிய எதிரி. தளபதி இப்ப சரணடையணுமா, சண்டை போடணுமா? நீங்க சொல்லுங்க."

"ஆ... ஆங்..."

"அதேதான்! நானும் அதையேதான் குழுவுல எழுதினேன். நல்லா ரசிக்கிறீங்க சார் நீங்க. கொஞ்சம் அகலமாத் திறங்க."

வீட்டில் நிலைமை வேறு. வீட்டில் இருப்பவர்களுக்கு வாய் அவரவர் வசத்தில் இருந்தது. டாக்டரின் மனைவி கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. "தேவி, தேநீர் ஆயத்தமா?" என்று அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தால், "ஆயத்தமாத்தான் இருக்கு, அடுப்பு மேல. எழுந்து வந்து ஊத்திக்குங்க, அப்படியே எனக்கும் ஒரு கப்" என்று உள்ளிருந்து பதில் வரும். மாசேனாதிபதி எழுந்து போவார். ஊற்றுவார். எந்த நாவலிலும் இப்படி ஒரு காட்சி வராததை நினைத்து ஒரு பெருமூச்சும் விடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் குழு 'மூன்றாம் அகழி'யைக் கையில் எடுத்தது. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும் அளவுக்குக் கனமான நாவல். ஒரு கோட்டை, அதைச் சுற்றி மூன்று அகழிகள், உள்ளே ஒரு தளபதி, தொலைவில் ஒரு மகாராணி, நடுவில் எதிரிப்படை. கூட்டு வாசிப்பு என்று அறிவிப்பு வந்தது. வாரத்துக்குப் பத்து அத்தியாயம், எல்லோரும் ஒரே வேகத்தில் படிக்க வேண்டும், முந்திப்போய்க் கதையைச் சொல்பவர் நாடு கடத்தப்படுவார். அந்த விதிக்குத் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முந்திப்போக யாராவது முதலில் கிளம்பியிருக்க வேண்டுமே!

ஆனால் இந்த வாசிப்பு சும்மா வாசிப்பு அல்ல. நாவலை எழுதிய அம்மாவே காணொளிக் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார். அதோடு ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார்: "புதுப் பதிப்பு வரப்போகுது. பெரிய மனுஷங்க முன்னுரை எனக்கு அலுத்துப்போச்சு. உங்கள்ல யார் ஆழமாப் படிச்சிருக்காங்களோ, அவங்களே எழுதட்டும்."

முன்னுரை! பல் டாக்டருக்கு அன்று நோயாளியின் எந்தப் பல் என்பதே மறந்துபோனது. அவருடைய பெயர் இதுவரை அச்சில் வந்த இடங்கள் மூன்று: மருந்துச் சீட்டு, வாசல் பலகை, கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையிலும் ஓர் எழுத்துத் தவறு. ஒரு புத்தகத்துக்குள், அதுவும் சரித்திர நாவலுக்குள், கதைக்கு முன்னால், தன் பெயர்! அவருக்கு வேறு ஆசை கிடையாது. சொந்த வீடு கேட்டாரா? கார் கேட்டாரா? நாலு பக்கம் முன்னுரை. அவ்வளவுதான்.

குறுக்கே நின்றவர் ராஜகுரு. அவருக்கும் அதே நாலு பக்கம்தான் தேவைப்பட்டது.

அதனால் டாக்டர் ஒரு புதுமை செய்தார். புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தார். ஈறு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போகும் வரை சும்மா இருக்கும் நேரம் இருக்கிறதே, அதில் இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று முன்னேறினார். நடுநடுவே முப்பது நாற்பது பக்கம் தாவியும் முன்னேறினார். வர்ணனை வரும் இடங்களில் தாவுவது பாவம் இல்லை என்பது அவர் கட்சி.

ஒரு நாள் முற்றுகைக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஒற்றன் ஒருவன் இருட்டில் மூன்றாம் அகழியை நீந்திக் கடந்து, மகாராணி அனுப்பிய ஓலையைத் தளபதியிடம் சேர்க்கிறான். தளபதி நடுங்கும் விரல்களால் ஓலையைப் பிரிக்கிறான். 'அதில் மகாராணி தன் கைப்பட எழுதியிருந்தாவது:' என்று பக்கம் முடிகிறது. டாக்டரும் நடுங்கும் விரல்களால் பக்கத்தைத் திருப்பினார்.

'குஞ்சுகளை முதல் வாரம் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். நெருக்கமாக அடைத்தால் ஒன்றை ஒன்று நசுக்கிக்கொள்ளும். வாடிப்போன குஞ்சுகளைத் தயங்காமல் பிரித்துவிடவும். தண்ணீர்த் தட்டு ஆழமாக இருக்கக் கூடாது, மூழ்கிவிடும்.'

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பக்க எண்ணைப் பார்ப்பீர்கள். அட்டையைப் பார்ப்பீர்கள். கடைக்காரரைத் திட்டுவீர்கள். ஆனால் டாக்டர் சரித்திர நாவல் வாசகர். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறைமொழி! ஓலை எதிரி கையில் சிக்கினால்? அதற்காகத்தான் மகாராணி இப்படி எழுதியிருக்கிறாள். குஞ்சுகள் என்றால் இளம் போர்வீரர்கள். கதகதப்பான இடம் என்றால் தானியக் கிடங்கு. ஆழமான தண்ணீர்த் தட்டு? அகழி! மூன்றாம் அகழி! நாவலின் தலைப்பே அங்கேதான் ஒளிந்திருக்கிறது! அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே மேலே படித்தார். தீவனக் கணக்கு வந்தது. படைகளின் எண்ணிக்கை என்று புரிந்துகொண்டார். தடுப்பூசி வந்தது, கவசம் என்று புரிந்துகொண்டார். 'எச்சம் பச்சையாக இருந்தால் அலட்சியம் கூடாது' என்று வந்த இடத்தில் மட்டும் சற்றே தடுமாறினார். பிறகு எதிரிக் குதிரைகளின் சாணத்தை வைத்து அவை எந்தக் காட்டில் மேய்ந்தன என்று கண்டுபிடிக்கச் சொல்கிறாள் என்று தெளிந்து, மகாராணியின் ராஜதந்திரத்தை மெச்சினார். கடைசியில் நாவல் தன் பாதைக்குத் திரும்பியது: 'படித்து முடித்தபோது தளபதியின் கண்கள் குளமாகியிருந்தன.'

டாக்டரின் கண்களும்தான்.

"டாக்டர்," என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். "மரத்துப்போனது தெளிஞ்சே போச்சு. பல்ல எடுக்கப் போறீங்களா, இல்ல நான் கிளம்பட்டுமா?"

அன்று சாயங்காலம் குழுவில் ஏறிய கட்டுரைக்கு 'கோழிப் படலம்: ஒரு மாபெரும் மறைமொழி' என்று தலைப்பு. கைப்பேசித் திரையில் விரல் வலிக்க வலிக்கத் தள்ளினாலும் முடியாத நீளம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். குழுவில் எல்லோரிடமும் அந்த நாவல் இருக்கிறது. யாருடைய பிரதியிலும் கோழி இல்லை. ஒருவர், ஒரே ஒருவர், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும். "எந்தக் கோழி?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்டார்களா?

"கோழிப் படலத்தில் நானும் விம்மி அழுதேன், சேனாதிபதியாரே" என்று எழுதினார் அந்தப்புரத் தோழி. "வாடிய குஞ்சுகளைப் பிரிக்கும் இடம்... மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன்." மூடியது உண்மை. திறந்ததுதான் சந்தேகம். இன்னொருவர், கோழிப் படலத்தைத் தன் மகளுக்குப் படித்துக் காட்டியதாகவும் அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்றும் எழுதினார். மற்றொருவர், படலம் சிறப்புதான் என்றாலும் சற்று நீளம் என்று நடுநிலையாகக் குறை சொன்னார். ஓலைச்சுவடி, கோழிப் படலம் மட்டும் பிடிஎஃப் கிடைக்குமா என்று கேட்டார்.

மறுநாள் ராஜகுரு வாய் திறந்தார். 'மாசேனாதிபதி மேலோட்டமாகத் தொட்டுக் காட்டியதைச் சற்று ஆழமாகப் பார்ப்போம்' என்று தொடங்கி, கோழி என்பது மகாராணியே என்றும், கூண்டு என்பது அரண்மனை என்றும், தன் முதல் வாசிப்பிலேயே இதையெல்லாம் கண்டுகொண்டு அடக்கம் கருதிப் பேசாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தார். டாக்டருக்கு அன்று முழுக்க வாயில் எதுவும் ருசிக்கவில்லை. தான் வளர்த்த கோழியை இன்னொருவன் தன் வீட்டுக் கூட்டில் அடைத்தால் ருசிக்குமா?

கூட்டத்துக்கு முந்தின நாள். வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டாக்டர் கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா அவர்களே, தங்கள் கோழி..." என்று ஆரம்பிப்பதும், குரல் சரியில்லை என்று மறுபடி ஆரம்பிப்பதுமாக இருந்தார். சோபாவில் கிடந்த நாவலை மனைவி சும்மா எடுத்துப் புரட்டினார். கணக்குப் பேராசிரியைக்குக் கண் முதலில் போகும் இடம் எண்.

"ஏங்க, இருநூத்தி எண்பத்தெட்டுக்கு அப்புறம் என்ன வரும்?"

"போர் வரும்."

"இருநூத்தி எண்பத்தொம்பது வரணும். உங்க புத்தகத்துல பதினேழு வருது."

"அது... அது ஓர் உத்தி. காலம் பின்னோக்கிப் போகுதுன்னு அர்த்தம்."

"காலம் பின்னோக்கிப் போனா பக்கத்தோட மேல 'கறிக்கோழி வளர்ப்பு'ன்னு ஏன் போட்டிருக்கு?"

டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். பொடி எழுத்தில் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் இருந்தது. அச்சகத்தில் பதினாறு பக்கத்தைச் சேர்த்து மடித்து ஒரு ஃபாரம் என்பார்கள். பல ஃபாரங்களை அடுக்கித் தைத்தால் புத்தகம். தைத்தவர் எந்த யோசனையில் இருந்தாரோ, பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்துச் செருகிவிட்டார். அவ்வளவுதான் மகாராணியின் ராஜதந்திரம்.

மனைவி சிரித்தார். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு தலையணையும் தாங்கவில்லை. "அந்தத் தடுப்பூசி என்னங்க, கவசமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி விழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கணவரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது.

"சரி விடுங்க. நாளைக்கு உண்மையச் சொல்லிடுங்க. பைண்டிங் தப்புன்னு சொன்னா யாரு என்ன சொல்லப்போறா?"

"முன்னுரை போயிடும்."

"போனாப் போகுது."

"உனக்குப் புரியாது. அவன் எழுதுவான். ராஜகுரு எழுதுவான். புத்தகத்தைத் திறந்தா முதல்ல அவன் பேரு வரும். நான் வாழ்நாள் பூரா அதத் தாண்டித் தாண்டித்தான் கதைக்குள்ள போகணும்."

"அதுல உங்களுக்கென்ன கஷ்டம்? தாண்டுறது உங்களுக்குப் பழக்கம்தானே?"

டாக்டர் சமையலறைக்குப் போனார். அடுப்பருகே நின்றபடி போர்வியூகம் வகுத்தார். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? கூடாது; களத்தில் இல்லாதவனுக்குக் கிரீடம் இல்லை. உண்மையைச் சொல்லலாமா? அது தற்கொலை. அப்போதுதான் மாசேனாதிபதி மூளையில் பளிச்சிட்டது. ராஜகுருவை முதலில் பேசவிட்டால்? கோழி தன்னுடையது என்று அவனே மார்தட்டட்டும். எழுதிய அம்மா, "என்ன கோழி?" என்று கேட்கட்டும். அவன் கவிழ்ந்து கிடக்கும்போது, தான் மெல்ல எழுந்து, வேறு ஏதாவது ஓர் அத்தியாயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை! டாக்டருக்குத் தன் மேலேயே மரியாதை கூடியது. இரண்டு கப் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் திரையில் சதுரம் சதுரமாக முகங்கள். எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் புத்தக அலமாரி. அந்தப்புரத் தோழியின் அலமாரிப் படத்துக்குப் பின்னால் துணி காயும் கொடி தெரிந்தது. நடுச்சதுரத்தில் எழுத்தாளர் அம்மா, சால்வையைப் போர்த்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்.

"நான் கடைசியில் பேசுகிறேன்," என்றார் மாசேனாதிபதி பெருந்தன்மையோடு. "ராஜகுரு அவர்கள் முதலில் பேசட்டும். கோழிப் படலம் பற்றி அவர்தான் ஆழமாக..."

ராஜகுரு காத்துக்கொண்டிருந்தார். வாகனம் வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத வாய் அது. மகாராணி என்ற கோழி, அரண்மனை என்ற கூண்டு, தீவனம் என்ற பொய்யான பாசம் என்று அடுக்கிக்கொண்டே போனார். சதுரங்கள் எல்லாம் தலையாட்டின. எழுத்தாளர் அம்மாவின் முகத்தையே டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்பார். இதோ, புருவம் நெளிகிறது. இதோ கேட்கப் போகிறார்.

அம்மா நெற்றியைத் தடவினார். அந்த நாவலை அவர் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதியவர். எழுதி முடிக்க வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அதில் என்னென்ன எழுதினோம் என்பது பாதி அவருக்கே நினைவில்லை. நினைவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் யாருக்கு மனம் வரும்?

"இத்தனை வருஷத்துல," என்றார் அம்மா, "அந்தக் கோழிய ஒருத்தரும் புரிஞ்சுக்கல தம்பி. நீங்கதான் புரிஞ்சுக்கிட்டீங்க. முன்னுரைய நீங்களே எழுதிடுங்க."

டாக்டரின் வியூகத்தில் இந்த வழி இல்லை. காதுக்குள் ஏதோ கொதித்தது. பைண்டிங் தப்பு, கறிக்கோழி, மனைவியின் சிரிப்பு, எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோனது. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று. திருட்டு!

"அது என் கோழி!" என்று அலறினார்.

சதுரங்கள் எல்லாம் ஒருமுறை அதிர்ந்தன.

"கண்டுபிடிச்சது நான்! முதல்ல எழுதினது நான்! அவர் புத்தகத்துல கோழியே கிடையாதும்மா! இருந்தா காட்டச் சொல்லுங்க! என் புத்தகத்துல இருக்கு! இதோ பாருங்க, இதோ!"

கையிலிருந்த நாவலை விரித்துக் கேமராவுக்கு முன்னால், அந்தப் பக்கத்தைத் தவிர வேறெதுவும் திரையில் தெரியாதபடி, கெட்டியாகப் பிடித்தார். எல்லோரும் படித்தார்கள். 'கறிக்கோழி வளர்ப்பு', பக்கம் பதினேழு. கீழே ஒரு படமும் இருந்தது. தண்ணீர்த் தட்டைச் சுற்றி ஐந்தாறு குஞ்சுகள் நின்றிருந்தன. அவற்றைப் பார்த்து இளம் போர்வீரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விம்மி அழுத அந்தப்புரத் தோழி கேமராவை அணைத்தார். மகளுக்குப் படித்துக் காட்டியவருக்கு அவசரமாக ஏதோ போன் வந்தது. ராஜகுரு உதடு பாதி பிரிந்தபடி உறைந்து நின்றார்; நெட்வொர்க் போனதுபோல நடிக்கிறார் என்பது பின்னால் சுழன்ற மின்விசிறியால் தெரிந்தது. அம்மா சால்வையைச் சரிசெய்துகொண்டார், மறுபடி சரிசெய்துகொண்டார்.

அப்போது கடைசிச் சதுரத்தில், அலமாரி இல்லாத வெறும் சுவருக்கு முன்னால், ஒருவர் மைக்கைத் திறந்தார்.

"வணக்கம்ங்க. நான் கால்நடை டாக்டர். போன வாரம்தான் குழுவுல சேந்தேன். அந்தக் கோழிப் புத்தகம் நான் எழுதினதுங்க."

அவர் தன் புத்தகத்தை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினார்.

"ரெண்டு புத்தகமும் ஒரே அச்சகம். உங்க டாக்டர் புத்தகத்துல என் பக்கம் போயிடுச்சு. என் புத்தகத்துல உங்க பக்கம் வந்துடுச்சு. கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் போன் பண்ணிக் கேக்கறார், 'சார், குஞ்சு பொரிச்ச முதல் நாள் என்ன செய்யணும்னு பாத்தா, கோட்டை எரியுதே, என்ன பண்றது?'ன்னு. என்னதான்னு எடுத்துப் படிச்சேன். விட முடியலீங்க. பதினாறு பக்கத்தோட அறுந்துபோச்சு. அந்தத் தளபதி பொழைச்சானா இல்லையான்னு தெரியாம தூக்கம் வரல. கடையில புத்தகம் தீந்துபோச்சுன்னாங்க. இங்க வந்தா யாராவது சொல்வீங்கன்னு வந்தேன். நீங்க எல்லாரும் கோழியப் பத்தியே பேசிட்டிருந்தீங்களா... சரி, பெரியவங்க, ஏதோ காரணம் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்."

எழுத்தாளர் அம்மா மெல்லக் கேட்டார்: "ஓலையில மகாராணி என்ன எழுதியிருந்தா, தம்பி? எனக்கே... கொஞ்சம் படிங்களேன்."

அவர் படித்தார். தட்டுத் தடுமாறித்தான் படித்தார், கால்நடைக்கு மருந்து சொல்லும் குரலில். மகாராணி கோட்டையைக் காப்பாற்றச் சொல்லவில்லை. கோட்டையை விட்டுவிடு என்று எழுதியிருந்தாள். கல்லை இன்னொருமுறை அடுக்கிக்கொள்ளலாம், உன்னை அடுக்க முடியாது என்று எழுதியிருந்தாள். தளபதி ஓலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கோட்டையை விடவில்லை; தீக்கு நடுவே நின்று ஓலையை மறுபடி பிரித்தான், அத்தோடு பக்கம் முடிந்தது. கேமராவை அணைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ராஜகுரு உறைந்திருப்பதை மறந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் வாய் திறந்தபடி, தன் நோயாளிகளைப் போலவே, கேட்டுக்கொண்டிருந்தார். 'வாளும் வரியும்' குழுவில் ஒரு நாவல் படிக்கப்பட்டது அன்றுதான்.

முடிந்ததும், "அப்புறம்?" என்றார் கால்நடை டாக்டர். "அப்புறம் என்னாச்சு? யாராவது சொல்லுங்க."

யார் சொல்வது? சதுரங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அத்தனை பேரிலும், அப்புறம் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே வாசகர் அவர்தான் என்பது அம்மாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "என்கிட்ட ஒரு பிரதி இருக்கு, அனுப்பறேன். படிச்சுட்டு முன்னுரைய நீங்க எழுதுங்க," என்றார். மனிதர் பதறினார். எனக்கு ஊசி போடத்தான் தெரியும், உரை எழுதத் தெரியாது என்றார். தளபதி பிழைப்பானா மாட்டானா என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிட முடியுமா என்றும் கேட்டார். அம்மா சொல்ல மாட்டேன் என்றார். அவருக்கே நினைவில்லையோ என்னவோ.

டாக்டரின் சதுரம் மட்டும் அசையாமல் இருந்தது. முன்னுரை போய்விட்டது. கோழியும் போய்விட்டது. அறைக் கதவோரம் நின்ற மனைவி கேமராவுக்குத் தெரியாமல் ஒரு தம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்தார்.

"அப்புறம், பல் டாக்டர் சார்," என்றார் கால்நடை டாக்டர். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க கட்டுரையப் படிச்சேன். என் புத்தகத்தை இவ்வளவு மதிச்சு யாரும் எழுதினதில்ல. அடுத்த பதிப்பு போடப்போறேன். அதுக்கு ஒரு முன்னுரை எழுதித் தருவீங்களா?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையணையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பக்கம் வேணும்?" என்றார் டாக்டர்.

இன்று 'கறிக்கோழி வளர்ப்பு' இரண்டாம் பதிப்பைத் திறந்தால் முதலில் அவர் பெயர்தான். ஓர் எழுத்தும் தவறு இல்லை. நாலு பக்கம் கேட்ட இடத்தில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறார். முதல் அத்தியாயம் கோட்டை வாசல் போலக் கம்பீரமாகத் திறக்கிறது, கடைசி அத்தியாயம் வெற்றி முரசு போல முடிகிறது என்றெல்லாம் வருகிறது. படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா என்று மனைவி கேட்டதற்கு, பதினேழிலிருந்து முப்பத்திரண்டு வரை தனக்கு மனப்பாடம் என்று பதில் சொன்னாராம். மிச்சம்? தாவிவிட்டார். தீவன வர்ணனை அதிகமாம்.

இனி உங்களிடம் வருகிறேன். சிரித்தீர்களா? நல்லது. அப்படிப்பட்ட குழுக்களில் நான் இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டீர்களா? அதுவும் நல்லது. இந்தக் கட்டுரையை நாலு பேருக்கு அனுப்பி, மேலே 'அருமை, அவசியம் படிக்கவும்' என்று ஒரு வரி போடலாமா என்று விரல் துறுதுறுக்கிறதா? தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைத்தால் போதும். நடுவில் அந்த யானை மதம் பிடித்து ஓடிவருகிற இடம் உங்களுக்கு எப்படி இருந்தது?

எந்த யானை என்று திடுக்கிட்டு மேலே போய்த் தேடுகிறவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பிழைத்தார்கள். "ஆமாம், ஆமாம், அந்த யானை!" என்று இப்போது லேசாகத் தலையாட்டினீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். குழுவில் ஒரு சதுரம் காலியாக இருக்கிறது. சருகும் தேநீரும் நீங்களே கொண்டுவர வேண்டும்.